தேவாரம் மலைப்பாதையில் ஒரு சிவப்புப் புள்ளி

செயற்கைக்கோள் கண்ட காட்டுத்தீயெல்லாம் இணைய வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழும். மதுரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒன்றையாவது நேரில் பார்க்க ஆசை. 2009 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போடியில் இணைய மையத்துக்கு இருபது ரூபாய் கொடுத்து வரைபடத்தை அச்செடுத்தேன். அங்கிருந்து தேவாரத்துக்குப் பேருந்து, சுமார் பதினேழு கிலோமீட்டர். மலையடிவாரம் வரை போக அந்தோணி என்பவரின் ஆட்டோவை நூற்றைம்பது ரூபாய்க்குப் பேசிவிட்டு, தாளைக் காட்டினேன்.

"கேரளாவுக்கு ஏறுற நடைபாதை இதுல எங்கன சார்?"

காட்டினேன். புள்ளி பாதையின் மேலேயே இருந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. "எம் பொண்டாட்டி மேல ஏலத்தோட்டத்துல வேல பாக்குறா சார். இன்னைக்கு அந்தப் பாதையிலதான் எறங்குவா."

அதன் பிறகு அவர் ஆட்டோ ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்தில் மலையே தெரியவில்லை, அவ்வளவு புகை. அவர் மனைவி லூர்து செல்போனை எடுக்கவில்லை.

"இப்ப தீ எங்கன நிக்குது? பாத்துச் சொல்லுங்க சார்!"

அது நேற்று மத்தியானம் செயற்கைக்கோள் கடந்தபோது பதிந்த புள்ளி. தெரியாது என்றேன். அவர் பாதையில் ஏறினார். தனியாக நிற்கவும் பயம், ஏறவும் பயம். நானும் பின்னால் போனேன். மேலே புல் எரியும் சத்தம், கடுகு வெடிப்பது போல.

ஓடைப்பக்கம் மூன்று பெண்கள் முகத்தில் ஈரத்துணி சுற்றி இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த லூர்து அந்தோணியைப் பார்த்ததும் கத்தினார்: "ஆத்தாடி, இங்கன என்னத்துக்கு வந்தீக? காத்து திரும்பிருச்சு, ஓடுங்க!"

ஓடினோம். ஆட்டோவை அடைந்ததும் அந்தோணி லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: மார்ச், ஏப்ரலில் வனத்துறையிடம் கேட்காமல் மலையேறாதீர்கள். ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் நீள அகலம். செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் கடக்கும். படம் நமக்கு வந்து சேர இன்னும் நேரமாகும். புள்ளி இல்லாத இடத்தில் தீ இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

பேருந்து ஏறும்போது அந்தோணி என் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கும் அந்தப் படத்தப் பாத்துச் சொல்லுவீகளா சார்? திங்கக்கெழம அவ மறுபடி மேல போகணும்."