ஆழமாக நடாத கல்

எங்கள் டன்ஸ்பரி கல்லறைத் தோட்டத்தில் வருடம் தவறாமல் கோணிக்கொண்டு நிற்கும் கல் ஒன்று உண்டு. அது என் அண்ணன் ஏனோஸ் பெற்ற பிள்ளையின் கல். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கல்லறைக் கல் செதுக்கி நட்டவர் என் அண்ணன்தான். அவர் நட்ட கல் இடி விழுந்தாலும் அசையாது என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்தப் பிள்ளைக்கு இப்படி நட்டிருக்கிறாரே என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சிரித்தவன் ஒருவனை வேலி வரை விரட்டியும் இருக்கிறேன். கல்லில் குற்றமில்லை, நட்டவர் மேலும் குற்றமில்லை. என் அண்ணி திர்சாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

திர்சா என்னைவிட வயதில் சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. பேச்சுக் குறைவு. நான் ஒரு நாளில் பேசுவதை அவள் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வாள். கல்யாணமாகி வெகு காலம் மடி காலியாகவே இருந்தது. அப்புறம் பிறந்தவன் ஆசகேல். ஆறு வயது வரை ஓட்டமும் கூச்சலுமாக வளர்ந்த பிள்ளையை 1844 மார்ச்சில் தொண்டை நோய் கொண்டுபோயிற்று. நிலம் பனியில் உறைந்து கிடந்ததால் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்திருந்து, பனி இளகிய பிறகுதான் புதைத்தோம். இரண்டு முறை அழ வேண்டியிருந்தது அவளுக்கு. அண்ணன் பட்டறையை விட்டு வெளியே வராமல் பிள்ளைக்கு ஒரு கல் செதுக்கினார், மேலே ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி.

அந்தக் கல்லை நடுவதற்குள் ஊருக்குள் வந்து சேர்ந்தார் சகோதரர் ஸ்டில்மன் என்ற பிரசங்கி. ஹேல் என்ற விவசாயியின் களஞ்சியத்தில் கூட்டம் போட்டார். கிறிஸ்து திரும்பி வரப்போகிறார், எப்போதோ அல்ல, இந்த அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி என்றார். கணக்கும் காட்டினார். தானியேல் புத்தகத்தில் இரண்டாயிரத்து முந்நூறு நாள் கழிந்தபின் பரிசுத்த இடம் சுத்திகரிக்கப்படும் என்று இருக்கிறது. ஒரு நாள் என்றால் ஒரு வருடம். பரிசுத்த இடம் என்றால் இந்தப் பூமி. அதைச் சுத்திகரிக்கவே கர்த்தர் நெருப்போடு வருகிறார், அன்றே மரித்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்திருப்பார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு எங்கள் வேதாகமத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த வருடங்கள் இருந்தன. எந்தத் தேதி என்பதற்கு, லேவியராகமத்தில் சுத்திகரிப்பு நடப்பது ஏழாம் மாதம் பத்தாம் நாள், இந்த வருடம் அது அக்டோபர் இருபத்திரண்டு. அங்கேயும் இங்கேயும் அதே வார்த்தை, விரலை வைத்துப் பாருங்கள் என்றார் ஸ்டில்மன். ஜனங்கள் விரலை வைத்துப் பார்த்தார்கள். அதே வார்த்தைதான் இருந்தது.

திர்சா வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்குப் போய், ஆட்டுக்குட்டிக் கல்லின் முகத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அக்டோபர்ல எழும்பப்போற பிள்ளைக்குக் கல்லு எதுக்குங்க? வெளிய வரும்போது தலையில இடிச்சுக்கவா?" என்றாள்.

அண்ணன் தாடியைச் சொறிந்தார். "ஊரே இப்படி நினைச்சுட்டா நான் பிழைச்ச மாதிரிதான்."

அதுவும் நடந்தது. ஹேல் இறந்துபோன தன் மனைவிக்குச் சொல்லி வைத்திருந்த கல்லை, "இருபத்திரண்டு தாண்டட்டும், பார்த்துக்கலாம்" என்று நிறுத்திவிட்டார். உலகம் முடியப்போகிறது என்ற செய்தியால் எங்கள் ஊரில் முதலில் அடிபட்டது என் அண்ணன் பிழைப்புதான்.

திர்சாவைத் திருப்பலாம் என்று எங்கள் சபைப் போதகர் வெதர்பீ ஒரு நாள் வந்தார். நானும் அப்போது அடுப்படியில் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். மனிதர் எபிரெயு படித்தவர், நல்ல மனது.

"அம்மா, தானியேல் எழுதின எபிரெயுவுல சுத்திகரிக்கிறதுன்னு இல்ல. நியாயம் தீர்த்துச் சரியாக்குறதுன்னுதான் இருக்கு. லேவியராகமத்துல இருக்கிறது வேற வார்த்தை. இங்கிலீஷ்ல எழுதினவங்க ரெண்டுக்கும் ஒண்ணையே போட்டுட்டாங்க. ஓரத்துல இருக்கிற வருஷமும் தானியேல் போட்டதில்ல, பிற்காலத்துல ஒரு பேராயர் போட்ட கணக்கு. அதை நம்பி இப்படி ஒரு நாளைக் குறிக்கலாமா?"

திர்சா மாவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா இந்தப் புத்தகத்தத்தானே ஐயா பீடத்துல வச்சு வாசிச்சீங்க? இந்த வார்த்தை இப்படி இல்லன்னு ஒரு ஞாயித்துக்கிழமைகூட சொல்லலியே."

போதகர் கையிலிருந்த வேதாகமத்தை மூடினார்.

"என் பிள்ளைய அடக்கம் பண்ணப்ப, மரிச்சவங்க எழுந்திருப்பாங்கன்னு வாசிச்சீங்க. அதுவும் மூலத்துல வேற மாதிரியா?"

"இல்லம்மா," என்றார் அவர் மெல்ல. "அது அப்படியேதான் இருக்கு."

"அது போதும் எனக்கு," என்று மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள்.

போதகர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு அன்றே தோன்றியது. ஆனால் எனக்குக் கோபம் அவர் மேல்தான். ஒரே மையில், ஒரே தாளில் அச்சாகி வந்ததில் எது தேவன் சொன்னது, எது பேராயர் சேர்த்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? வீட்டில் தீப்பிடித்த பிறகு வந்து, அடுப்பு சரியில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

செப்டம்பரில் திர்சா கம்பளி நூலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "உல்தா, உன் மகன் காலை ஒரு தடவை அளந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"ஆசகேலுக்குக் காலுறை பின்னணும். இந்நேரம் கொஞ்சம் வளர்ந்திருப்பானா, அப்படியேதான் இருப்பானான்னு தெரியல. ஸ்டில்மனைக் கேட்டேன், அவருக்கும் தெரியல. ரெண்டு அளவுலயும் ஒண்ணு பின்னி வச்சுக்கறேன்."

அவளை உலுக்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் மகனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னேன். அவள் குனிந்து நூலை வைத்து அளந்து, அளவு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி வந்தது. மற்றவர்கள் ஹேல் களஞ்சியத்தில் பாடிக்கொண்டிருக்க, திர்சா காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மடியில் பிள்ளையின் சட்டை, இரண்டு சோடிக் காலுறை. அண்ணனுக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவள் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கூடப் போய்க் கல் சுவர் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் சட்டியில் வேகவைத்த அவரைக் கொட்டையும் சோள ரொட்டியும் கொண்டுபோனேன். அண்ணன் மட்டும் சாப்பிட்டார். அவள் பிள்ளை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அண்ணன் தன் கோட்டைக் கழற்றி இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்.

"வரல, உல்தா," என்றாள் திர்சா.

அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்கு அழுகை வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

அதன் பிறகு ஊர் அவர்களைச் சும்மா விடவில்லை. அண்ணியோடு கடைக்குப் போனபோது, உப்பு நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் பீஸ்லி, "என்னம்மா, கர்த்தரோட இன்னும் மேல போகலியா?" என்று இளித்தார்.

"நீங்க போற இடத்துக்கு ஏறவே வேண்டாம் பீஸ்லி, சறுக்கினா போதும்," என்றேன். அண்ணியின் உதடு லேசாக அசைந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் முகத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

பனி இளகும் சமயத்தில் ஹேல் புதுச் செய்தியோடு வந்தார். தேதி தப்பில்லையாம், இடம்தான் தப்பாம். சுத்திகரிக்கப்படுவது பூமியல்ல, பரலோகத்தில் இருக்கும் ஆலயம். கர்த்தர் அன்று அதன் உள்ளறைக்குள் போயிருக்கிறார், வேலை முடிந்ததும் வருவார் என்றார். சுத்திகரிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர்கள் யாரும் கைவிடவில்லை. திர்சா கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப ஆசகேல்?"

"தூங்குறான், சகோதரி. எழும்புவான். நாள்தான் நமக்குத் தெரியாது."

ஹேல் போனதும் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு அண்ணனிடம், "கல்லை வச்சிடலாங்க," என்றாள்.

மே மாதம் நாங்கள் மூன்று பேரும் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணன் வழக்கம்போல் இடுப்பளவு குழி தோண்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழம்கூட வரவில்லை, திர்சா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது போதுங்க."

"மண்ணுக்குள்ள உறையுற பனி கல்லை மேல தள்ளிடும் திர்சா. ஒரு குளிர்காலம் தாங்காது."

"தள்ளட்டும். நாள் தெரியாதுன்னுட்டாங்க. என்னைக்கு எழும்பினாலும் ஆறு வயசுப் பிள்ளை தள்ளுற மாதிரி இருக்கணும்."

கல் நடுவதில் என் அண்ணன் ராஜாவுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று மண்வெட்டியைக் கீழே வைத்தார். கல்லை அந்தச் சின்னக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணைப் போட்டு, காலால் மிதிக்காமல் கையால் தடவிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், சாய்ந்த கல்லை நிமிர்த்திவிட்டு வருவார்.

திர்சா ஹேல் கூட்டத்தோடு சேர்ந்து பிற்பாடு சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சபையிலேயே இருந்தார். "வாரத்துல ரெண்டு நாள் ஓய்வெடுத்தா ஒரு நாள்தான் கஞ்சி" என்று நான் கேலி செய்வேன். அவர்களுக்குள் அதனால் ஒரு மனக்கசப்பும் வந்ததில்லை. அதன்பின் பல வருடம் கழித்து ஒரு பிப்ரவரியில் நுரையீரல் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். அவள் துணிப்பெட்டியின் அடியில் அந்த இரண்டு சோடிக் காலுறையும் இருந்தன. ஓர் இழைகூடப் பூச்சி அரிக்கவில்லை, அப்படிப் பார்த்து வைத்திருந்தாள்.

பனி இளகியதும் அவள் கல்லை நடப் போனோம்.

"பையன் கல்லையும் இப்பவாவது ஒழுங்கா நட்டுடுங்க அண்ணே. வருஷா வருஷம் எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். திர்சாவின் கல்லுக்கான குழியையும் முழங்காலுக்குக் கீழேயே நிறுத்தினார்.

"இதுக்குமா?" என்றேன்.

"அவன் எழும்பி வந்து நின்னு அம்மாவைத் தேடுவான்ல, உல்தா. இவ சட்டுன்னு வரணும்," என்றார், ஹேல் களஞ்சியத்தில் ஒரு நாளும் கால் வைக்காத என் அண்ணன்.

இப்போது அவருக்கு முதுகு வளைந்துவிட்டது, கடப்பாரை தூக்க முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, "ரெண்டையும் நிமிர்த்தினீங்களா?" என்று கேட்பதோடு சரி. நானும் என் மகனும்தான் போகிறோம். கால் அளவு கொடுத்தானே, அந்த மகன், இப்போது அவனுக்கே தாடி நரைக்கிறது. இந்த மே மாதமும் இரண்டு கல்லும் சாய்ந்து கிடந்தன. அவன் கடப்பாரையை ஊன்றி நெம்பிவிட்டு, குழியைப் பார்த்தான்.

"கொஞ்சம் ஆழமா வச்சிடலாமா அம்மா? நமக்குப் பிறகு யாரு வந்து நிமிர்த்தப்போறா?"

"வாய மூடிக்கிட்டு மண்ணைத் தள்ளுடா," என்றேன். "மிதிக்காத, கையால தள்ளு."