கோயில் ஃப்ரீசரின் சாவி

தொண்ணூறுகளில் நான் ஷார்ஜாவில் நர்ஸாக இருந்தபோது, எங்கள் கோயிலின் பின்னறையில் ஒரு பழைய ஃப்ரீசர் இருந்தது. அதன் சாவி என்னிடம். என்ன தகுதியில் என்று கேட்க வேண்டாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதர் திரும்பியபோது நான் எதிரே நின்றிருந்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை, நைட் டியூட்டி முடிந்து கண்ணெரிச்சலோடு பூசைக்கு வந்தால், முதல் வேலை மீன் அடுக்குவது.

கொண்டுவருகிறவர்கள் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள் நான்கு பேர். ஒரு அரபியின் படகில் வேலை; விசா கொடுத்த கஃபீலும் அவர்தான். கிடைக்கிற மீனில் பாதி கஃபீலுக்கு, மீதி இவர்களுக்கு. அந்த மீதியிலும் பத்தில் ஒன்றை, அதுவும் நல்ல மீனாகப் பார்த்து, கோயிலுக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஊர் வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. லேபர் கேம்ப் ஆட்களுக்கு வாராவாரம் அதில்தான் சமைத்துப் போடுவோம். அப்படியும் ஃப்ரீசரை அமுக்கித்தான் மூட வேண்டியிருக்கும்.

ஃபாதர் ஆங்கிலேயர். அவர் ஊரில் கல்லால் கட்டிய பெரிய களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறதாம். பல நூறு வருடங்களுக்கு முன்னால், விளைச்சலில் பத்தில் ஒன்றைக் குடியானவர்கள் கோயிலுக்கு அளந்தே ஆக வேண்டும். அந்தத் தானியத்தைப் போட்டுவைக்கக் கட்டியது. பாரவண்டி அப்படியே உள்ளே போகலாம் என்றார். பஞ்சம் வந்தபோது அளந்தவர்களுக்கே அதைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றார். தூக்கக் கலக்கத்தில் கேட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் படகின் எஞ்சின் பழுதானது. இவர்கள் கேட்கும்போதெல்லாம், நாளைக்குச் சரிசெய்யலாம் என்றார் கஃபீல். கடலுக்குப் போகாதவர்களுக்குப் பங்கு ஏது? சில வாரங்களாக மீனும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. அவர்கள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. நால்வரும் பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஃப்ரீசர் நிறைய உங்கள் மீன் கிடக்கிறதே, வந்து எடுத்தால் என்ன என்று கத்தினேன்.

மூத்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆண்டவருக்குக் குடுத்தாச்சி சிஸ்டர். அவருக்க மீன நாங்க எப்பிடி எடுக்க?"

கேம்ப் ஆட்கள் சாப்பிடவில்லையா என்றேன். அவர்கள் கொடுத்தவர்கள் இல்லையே என்றார். அதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஃபாதரிடம் சொன்னேன். திறந்து கொடு என்றார். மறுநாள் ஒரு நெய்மீனை எடுத்துக் குழம்பு வைத்து, சோற்றோடு கொண்டுபோனேன். இது கோயில் கொடுப்பது, வேண்டாம் என்றால் ஃபாதர் வருத்தப்படுவார் என்றேன். பாத்திரத்தைத் திறந்ததுமே மூத்தவருக்குத் தெரிந்துவிட்டது, அவர்கள் பிடித்த மீன் என்று. சிலுவை போட்டுக்கொண்டார். நால்வரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாத்திரத்தை எடுக்கப் போனால், அதில் ஒரு நடுத்துண்டு மீதி இருந்தது. பசி இன்னும் அடங்கவில்லை என்று நால்வரின் முகமும் சொன்னது. இதையும் சாப்பிடுங்கள் என்றேன்.

"அது கோயிலுக்குள்ளது," என்றார் மூத்தவர். "இன்னைக்கி எங்களுக்குக் கெடச்சதுல பத்துல ஒண்ணு."

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோயிலுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்து, குழம்போடு அந்தத் துண்டை மற்ற மீன்களுக்கு மேலே வைத்துப் பூட்டினேன்.