சுவர் மண்ணும் ஆத்தா கீரையும்

முதல் மழைத்துளி மண்சுவரில் பட்டதும் எழும் வாசனைக்கு என் நாவில் நீர் ஊறும். ஆறு வயதில் அந்தச் சுவரையே சுரண்டித் தின்றவள் நான். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், எங்களுக்குத் தொழிலாளர் குடியிருப்பு லைனில் மூங்கில் 'தட்டி'யில் மண் பூசிய வீடு. கதவோரம் என் கைக்கு எட்டிய உயரம்வரை பூச்சு காணாமல்போய் மூங்கில் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, ஒம்புருசன் பூமிக்குள்ள மண்ணு வெட்றாரு, ஒம்பொண்ணு மேல குந்திகினு துன்னுது!" என்று அம்மாவைக் கேலிசெய்த பக்கத்து வீட்டு முனியம்மா அத்தைதான், ஒருநாள் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ரத்தமே இல்லியே. சோகைடி. கீரை ஆக்கிப் போடு."

நாலடி நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அதே லைனில் என் வயதுப் பிள்ளை ஒன்று அப்படி வெளுத்துப் போய்த்தான் கண்ணை மூடியிருந்தது. நான் பிழைத்தால் என் தலையிலேயே ஆடிக்கூழ்க் குடத்தை ஏற்றி அழைத்து வருவதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஆனால் கீரை மட்டும் எங்கள் வாசலைத் தாண்டாது. "தாது வருசப் பஞ்சத்துல தழையத் துன்னு உசுரோட இருந்தோம். சம்பளக்காரன் வூட்ல அது வோணாம்" என்பார் அப்பா. வெள்ளை அரிசிச் சோறுதான் பிள்ளைக்குப் பலம் என்று வட ஆற்காட்டிலிருந்து வந்த அந்த மனுஷன் மெய்யாகவே நம்பினார்.

அந்த ஆடியில் அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், படையல் முடிந்ததும் கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரையும், மழைக்கு முளைத்ததையெல்லாம் பறித்துக் கடைந்த 'கலவைக்கீரை'யும் என் முன் வைத்தாள். நான் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டேன். அப்பா முகம் மாறியது.

"இன்னாண்ணா முறைக்கற? ஆத்தாளுக்குப் படைச்சது. வோணாம்னா நீயே அவகிட்ட சொல்லு!" என்றாள் அத்தை.

அப்பா சந்நிதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தம் கையையும் நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டார்.

மறு ஞாயிறு அவரே துண்டு நிறையக் கீரை பறித்து வந்து, "இந்தா, ஆத்தா தோட்டத்துது" என்று அம்மாவிடம் கொடுத்தார். அதன்பின் தினமும் கீரைதான். எப்போது மண்ணை மறந்தேன் என்று தெரியவில்லை; சுவரைப் பூசியபின் அது அப்படியே நின்றது. அடுத்த ஆடியில் குடம் என் தலையில். கீழே போட்டுவிடுவேனோ என்று அப்பா இரு கையாலும் அதைத் தாங்கியபடியே நடந்தார்.

"கைய எடுண்ணா! வேண்டுதல் பொண்ணுக்கா, ஒனக்கா?"

கூட்டமே சிரித்தது. கையை எடுத்த அப்பா அழுதுகொண்டே சிரித்தார்.

இன்று தட்டி வீடுகள் இல்லை. கீரை முளைத்த வெளி, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கு அடியில் கிடக்கிறது. இரத்தத்துக்கு இரும்புச்சத்து வேண்டும் என்று பேத்தி பள்ளியில் படித்துவந்து எனக்கே சொல்லித்தருகிறாள். மழை வாசனை வந்தால் நான் கீரை கடைந்து முதல் கரண்டியை அம்மன் படத்துக்கு முன் வைக்கிறேன். அவளுக்குப் படைக்காமல் எங்கள் வீட்டில் இன்றுவரை கீரை உண்டதில்லை.