ஏழு படிகளும் ஒரு கையெழுத்தும்

புருல்கான் கிரேனிலிருந்து விழுந்தாள் என்றுதான் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவள் விழவில்லை. பதினான்கு வருடம், நாற்பது மீட்டர் இரும்பு ஏணியில் காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கியவள். ஒருநாள்கூடக் கால் தவறியதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது, தலைநகர் பிஷ்கெக் போகும் சாலையில், அவள் வந்த மினிபஸ் கவிழ்ந்தது. முதுகெலும்பு முறிந்து, சக்கர நாற்காலிக்கு வந்தாள். ஆனாலும் கிரேன் கதைதான் கேட்பவர்களுக்குப் பிடித்திருந்தது. "பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு உயரம்?" என்று முடிக்க அதில் வசதி இருந்தது.

அவள் வீடு கீழ்த்தளம். கீழ்த்தளம் என்றாலும் எங்கள் வாசலில் ஏழு படி ஏறித்தான் அதற்குள் போக முடியும். அதே வாசலில் மூன்றாவது மாடியில் நாங்கள். அவள் தலைக்கு நேர்மேலே, முதல் மாடியில், கட்டடக் குழுத் தலைவி ஜிபார்குல். எங்கள் கட்டடத்தில் பல வாசல்கள்; ஒவ்வொன்றிலும் ஐந்து தளம், தளத்துக்கு மூன்று வீடு, ஆகப் பதினைந்து குடும்பம். எங்களுக்குப் பின்னால் நிற்கிற பனிமலையைத் தவிர, இந்த வாசலில் நடக்கும் எல்லாவற்றையும் ஜிபார்குல்தான் தீர்மானிப்பாள்.

விபத்துக்குப் பிறகு நான்கு வருடமாகப் புருல்கானை ஆண்கள்தான் தூக்கிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் டோக்தோசுன் வலது பக்கம், ஜிபார்குலின் கணவர் காசிமாலி இடது பக்கம். இதில் எங்கள் வாசலுக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்து வாசல்காரர்களிடம் டோக்தோசுன் சொல்வார்: "எங்ககிட்ட அவ சொல்லணும்கூட இல்ல. ஜன்னலைத் தட்டினாப் போதும். எங்க வாசல்ல இன்னும் ஆம்பளைங்க இருக்காங்க."

தட்டுவது யாருக்கு எளிது, யாருக்குக் கஷ்டம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. ஒரு பிப்ரவரியில்தான் எனக்கே உறைத்தது. காலில் போன உணர்ச்சி இன்னும் வரவில்லைதானா என்று வருடா வருடம் பார்க்கிற மருத்துவக் குழுவிடம் காட்டிவிட்டு அவள் டாக்சியில் வந்து இறங்கினாள். ஆண்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். படிக்குக் கீழே, பனியில், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வேலையிலிருந்து வரும்போது அவள் மடியில் போர்த்தியிருந்த சால்வை அட்டைபோல விறைத்திருந்தது.

"டீ எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் அக்கா. குடிச்சா ஒண்ணுக்கு வரும். அப்புறம் எங்க போறது?"

அதற்குப் பிறகுதான் அவள், தன்னைத் தூக்குவதை நிறுத்த வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். சரிவுப் பாதை வேண்டும் என்றாள். யாரையும் கூப்பிடாமல், தான் நினைத்தபோது வெளியே போய், தான் நினைத்தபோது திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பழைய பொதுக் குளியலறைக் கட்டடத்தின் பின்பக்கம் ஓர் அறையில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, யாரோ கொடுத்த ஊன்றுகோல்கள் நிறைந்த மரப்பெட்டி, கென்னாதி. கென்னாதிக்குக் கண் தெரியாது; சட்டம் முழுக்க மனப்பாடம். அவர்தான் அவளுக்கு விண்ணப்பம் எழுதினார். பத்து நாளில் நகர அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: தங்கள் வாசலில் சரிவுப் பாதை ஏற்கெனவே உள்ளது.

இருந்தது உண்மைதான். இரண்டு வருடம் முன்பு வேலையாட்கள் வந்து, ஏழு படிகளின்மேல் இரண்டு இரும்புத் தண்டவாளங்களை அப்படியே சாய்த்துப் பற்றவைத்துவிட்டுப் போனார்கள். படி எவ்வளவு செங்குத்தோ தண்டவாளமும் அவ்வளவு செங்குத்து. அதில் சக்கர நாற்காலியை விட்டால் நேரே குப்பைத்தொட்டியில் போய்த்தான் நிற்கும். நாங்கள் அதை இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கப் பயன்படுத்தினோம். சரியாக அமைந்திருக்கிறது என்று ஏற்றுக் கையெழுத்துப் போட்டவள் ஜிபார்குல்.

கென்னாதி வந்து கைத்தடியால் தண்டவாளத்தை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். "இது மனுஷனுக்குப் போட்டதில்ல, மூட்டைக்குப் போட்டது" என்றார். புதிதாகக் கட்ட வேண்டுமானால், வாசலில் இருக்கிற பதினைந்து வீட்டில் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

மே மாதம் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் புருல்கானை என் வீட்டுக்காரரும் காசிமாலியும் தூக்கித்தான் இறக்கினார்கள். காசிமாலி அதிகம் பேசாத மனுஷர். இறக்கும்போது அவள் செருப்பு படியில் இடிக்காமல் ஒரு உள்ளங்கையை அடியில் கொடுத்துக்கொண்டே வருவார்.

ஜிபார்குல் கையை இடுப்பில் வைத்து ஆரம்பித்தாள். "இருக்கிற சரிவுக்கு என்ன குறைச்சல்? காகிதத்துல இருக்கு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப அதுல ஒருதடவ நீங்க இறங்கிக் காட்டுங்க" என்றார் கென்னாதி. "நாற்காலி நான் தரேன்."

"கண்ணு தெரியாதவருக்குச் சரிவப் பத்தி என்ன தெரியும்?"

"கண்ணு தெரியாததாலதான் தொட்டுப் பாத்தேன். நீங்க பாக்காமலே கையெழுத்துப் போட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஜிபார்குல் மறக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

"எவ்வளவு நீளம் வரும்?" என்று கேட்டாள்.

"ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர். வளைச்சுக் கட்டலாம்."

"கேட்டீங்களா? பன்னிரண்டு மீட்டர்! அந்த இடத்துலதானே நாம சாவுக்குக் கம்பளிக் கூடாரம் போடுறோம்? நாளைக்கு ஒரு உயிர் போச்சுன்னா பிணத்தை எங்க கிடத்துறது? கார் நிறுத்துற இடத்துலயா? அழ வர்றவங்க குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துலயா நின்னு அழணும்?"

கூட்டம் அப்படியே அவள் பக்கம் சாய்ந்தது. நாங்கள் எல்லோரும் சரிவைப் பற்றி யோசித்ததைவிட எங்கள் சாவைப் பற்றி அதிகம் யோசித்திருந்தோம்.

"செத்தவங்களுக்கு மூணு நாள் எடம் வேணும்" என்றாள் புருல்கான். "எனக்கு தினமும் வேணும்."

"நாங்க தூக்கலயா உன்னை?" என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னிக்காவது முடியாதுன்னு சொன்னேனா?"

"சொல்லல அண்ணே. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

இது அவருக்குப் புரியவில்லை. நன்றி கெட்டவள் என்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் முணுமுணுத்தார். கையெழுத்துப் போடவில்லை. வீடு அவர் பேரில் இருந்ததால் என் கையெழுத்து செல்லாது. செல்லுபடியாகியிருந்தால் போட்டிருப்பேனா என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஜிபார்குலிடம்தான் வெந்நீர்க் குழாய் பழுதுக்குப் போய் நிற்க வேண்டும்.

புருல்கான் விடவில்லை. ரொட்டிக் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் படிக்குக் கீழே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் காகிதத்தை நீட்டினாள். கோடை முடிவதற்குள் ஒன்பது கையெழுத்து சேர்ந்தது. பத்தாவது கிடைக்கவில்லை. வாசல் கதவில் யாரோ கரியால் "கிரேன்காரி ஒழிக" என்று எழுதினார்கள். நான் துடைத்தேன். மறுநாள் மறுபடி இருந்தது.

செப்டம்பரில் காசிமாலி போய்விட்டார். காலையில் டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தவர் நிமிரவே இல்லை. நெஞ்சு.

வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுந்தது, ஜிபார்குல் சொன்ன அதே இடத்தில். உள்ளே ஒரு பக்கம் திரைக்குப் பின்னால் அவர். இன்னொரு பக்கம் ஜிபார்குலும் நெருங்கின பெண்களும் வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் கோலூன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். நாரின் மலைப்பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். குதிரை அறுக்க, கொப்பரை ஏற்ற, தண்ணீர் சுமக்க என்று எங்கள் வாசல் ஆண்களில் ஒருவர் கையும் ஓய்வாக இல்லை.

புருல்கான் ஜன்னலைத் தட்டினாள். கேட்டவர்கள் "தோ வரேன்" என்றார்கள். ஒரு மணி நேரம் போனது. சாவுக்கு வராமல் இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்தோடு உறவு அத்தோடு சரி. மேல்மாடியும் கீழ்மாடியும் என்றால் கேட்கவே வேண்டாம். பகையை மனதில் வைத்து வரவில்லை என்று ஜிபார்குல் ஊர் முழுக்கச் சொல்வாள். அது புருல்கானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொப்பரைக்குப் பக்கத்தில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். என் கை மாவாக இருந்தது. அதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு வாசல் கதவு திறந்தது. புருல்கான் கதவு நிலையைப் பிடித்து நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினாள். தலையில் கறுப்புத் துணி. கைகளை ஊன்றி, உட்கார்ந்தவாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள். கால்கள் இரண்டும் அவளுக்கு முன்னால் ஒவ்வொரு படியிலும் தட் தட்டென்று விழுந்தன. அந்தச் செருப்புக்கடியில் கை கொடுக்க ஆள் இல்லை. கோலூன்றி அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். டோக்தோசுன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"தொடாதீங்க அண்ணே" என்றாள்.

முற்றத்து மண்ணில் ஊர்ந்தே கூடாரத்துக்குள் போனாள். உள்ளே போகும்போதே ஒப்பாரியை எடுத்தாள். ஒப்பாரி நடுவில் யாரும் யாரையும் நிறுத்தக் கூடாது, எதுவும் பதில் சொல்லக் கூடாது; எங்கள் பெண்கள் மாமியாரைத் திட்டுவதும் அண்ணன்மேல் குற்றம் சொல்வதும் அதில்தான். கிரேன் மேலிருந்து கத்திப் பழகின குரல் அவளுக்கு.

"என் செருப்பு இடிக்காம
உள்ளங்கை கொடுத்த அண்ணா!
ஒன்ன எடுக்க ஆறு பேரு,
என்ன எடுக்க யாரு அண்ணா?
ஏழு படியும் எனக்கு மட்டும்
ஏழு மலையாப் போனதென்ன!
தூக்க வேண்டாம், வழிய விடுன்னு
காகிதத்த நீட்டினேனே,
ஒன் வீட்டுல ஒரு பேனா
இல்லாமத்தான் போச்சோ அண்ணா!"

ஜிபார்குலின் முதுகு அசையவில்லை. ஆனால் அவள் அழுகை ஒரு கணம் நின்றதைக் கூடாரத்துக்கு வெளியே இருந்த நானே கேட்டேன்.

அடக்கம் முடிந்து, விருந்துத் துணி விரித்த பிறகு, புருல்கானைத் திரும்ப ஏற்ற ஆண்கள் நாற்காலியோடு வந்தார்கள். ஜிபார்குல் முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஒன்னத் தூக்கித் தூக்கித்தான்டி அவரு நெஞ்சு போச்சு! நாலு வருஷமா! தினம் சாயங்காலம் நெஞ்ச நீவிக்கிட்டு உக்காருவாரு. நீதான் கொன்ன!"

முற்றம் முழுக்கக் கேட்டது. புருல்கானின் முகத்தில் அடிபட்ட மாதிரி ஒன்று வந்து போனது. காசிமாலிமேல் அவளுக்கு நிஜமாகவே பாசம் இருந்தது.

"இருக்கலாம் அக்கா" என்றாள் மெதுவாக. "அப்படின்னா அடுத்தது யாரு? டோக்தோசுன் அண்ணனா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்திருந்தவர், குனிந்தபடியே இருந்தார்.

எங்கள் வாசலில் பாதிப்பேர் அதற்குப் பிறகு புருல்கானிடம் பேசவில்லை. துக்க வீட்டில் போய்த் தன் காரியத்தைப் பேசினாள், சாவை வைத்துக் கையெழுத்துக் கேட்டாள் என்றார்கள். அதில் பொய் இல்லை. ஒருநாள் நானே அவளிடம் கேட்டேன். "ஆமா" என்றாள். "அழுதேன், கேட்டேன், ரெண்டும்தான். வேற எங்க கேக்க விட்டாங்க?"

ஆனால் ஒப்பாரியில் சொன்னதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நாரின் உறவுப் பெண்கள் அந்த வரிகளை லாரியிலேயே பாடிக்கொண்டு போனார்கள். நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்தபோது, காசிமாலியின் அக்கா எல்லோர் முன்னாலும் ஜிபார்குலைக் கேட்டாள்: "அது என்னம்மா பேனா கதை? என் தம்பி வீட்டுல என்ன இல்லாமப் போச்சு?"

மறுநாள் காலை ஜிபார்குல் கீழே இறங்கி வந்து புருல்கானின் கதவை முஷ்டியால் இடித்தாள். கட்டடக் குழு முத்திரையும் கையில் இருந்தது. சத்தம் கேட்டு நான் படியில் நின்றுவிட்டேன்.

"எடுடி அந்தக் காகிதத்த."

புருல்கான் எடுத்துக் கொடுத்தாள். ஜிபார்குல் கதவு நிலையிலேயே வைத்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். முத்திரையைக் குத்தினாள்.

"இது ஒனக்காக இல்ல. இன்னொரு சாவுல நீ வந்து என் பேர இழுக்கக் கூடாது, அதுக்கு. செத்தாலும் என் வாசப்படி மிதிக்காத."

"என்னால எதையும் மிதிக்க முடியாது அக்கா. கவலப்படாதீங்க."

"வாயப் பாரு!"

"உங்க குழுவுக்கு ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா அக்கா?"

ஜிபார்குல் படியேறிப் போனாள். மேலே கதவு அறைகிற சத்தத்தில் எங்கள் மாடி விளக்கு ஆடியது. அதே வாரம் டோக்தோசுனும் போய்க் கையெழுத்துப் போட்டார். பத்து வந்துவிட்ட பிறகு பதினொன்றாவதாக. அன்றைக்கு அவருக்கு இறைச்சி வைத்த மந்திக் கொழுக்கட்டை அவித்தேன்.

ஏப்ரலில் தண்டவாளத்தை அறுத்தெடுத்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள். கென்னாதி தினமும் வந்து தடியால் அளந்து, இரண்டு தடவை உடைத்துத் திரும்பக் கட்ட வைத்தார். வேலையாட்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், அவரும் திட்டினார். முற்றத்தில் கூடாரம் போடுகிற இடத்தில் பாதி போனது. அடுத்த சாவு வந்தால் எங்கே போடுவது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

ஈரம் காய்ந்த முதல் நாள், புருல்கான் தனியாக இறங்கினாள். கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. ரொட்டிக் கடைக்குப் போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். மறுபடி போனாள். டோக்தோசுன் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இனி நம்மளக் கூப்பிடவே மாட்டா போலிருக்கே" என்றார், யாரோ அவரை வேலையைவிட்டு நீக்கினமாதிரி.

அன்றைக்கு ஆறு தடவை போய் வந்தாள். ஆறாவது தடவை ஜிபார்குல் மேல் ஜன்னலை விரியத் திறந்தாள்.

"எத்தன தடவடி போவ! தேஞ்சிடப் போகுது!"

புருல்கான் வளைவில் நாற்காலியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"தேயட்டும் அக்கா! தேஞ்சா மறுபடி காகிதம் எடுத்துட்டு வரேன்!"

ஜன்னல் படாரென்று மூடியது. அவள் ஏழாவது தடவை கீழே போனாள்.