பிளேட்டில் விழுந்த இரண்டு புள்ளிகள்

திருவனந்தபுரத்திலிருந்து கல்லாற்றுக்குப் போய், இருட்டில் ஒரு பாறையைப் படமெடுத்தேன். அளவு தெரிய மச்சினன் ஆறுமுகத்தைப் பாறையடியில் உட்காரவைத்து, பீடி பற்றவைக்காதே என்று கண்டித்துவிட்டு, காமிராவின் ஷட்டரைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றபடி டார்ச்சால் பாறை முழுக்க மெல்ல வெளிச்சம் தடவினேன்.

படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டை மருந்தில் கழுவிப் பார்த்தால், அவன் தோளருகே கனல் போல இரண்டு வெளிச்சப் புள்ளிகள்.

“பீடி வலிச்சியா?”

“சத்தியமாட்டு இல்லை அத்தான்!”

நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவேயில்லை.

அடுத்த பிளேட்டைக் கழுவ இருட்டறையின் சிவப்பு விளக்கை ஏற்றியபோதுதான் உறைத்தது. சிவப்பு வெளிச்சம் இந்தப் பிளேட்டில் பதியாது. பீடிக் கனல் மட்டும் எப்படிப் பதியும்? டார்ச் பட்டு மின்னியவை கண்கள்! ‘சிறுத்தை இறங்கும்’ என்று கல்லாற்றுக் கடைக்காரர் சொன்னபோது சிரித்தவன் நான்.

இப்போதெல்லாம் முதல் வெளிச்சத்தை ஆறுமுகத்தின் முதுகுக்குப் பின்னால்தான் அடிக்கிறேன். பீடியா? தாராளமாக வலிக்கட்டும்.