போதோயின் குதிரையும் எசெனின் மகளும்

நாரின் ஆற்றங்கரை ஊரின் தபாலாபீஸில் முப்பது வருஷம் டெலிபோன் போர்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள் புருல்சா. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். ஆனால் கிர்கிஸ் வீட்டு மருமகள் புருஷன் குலத்து மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. செத்து இருநூறு வருஷமான முப்பாட்டனானாலும் அப்படித்தான். மாமனாருக்குப் போன் வந்தால், "நொண்டிக் குதிரை வச்சிருக்காரே, அவருக்கு!" என்று கத்துவாள். ஊரே சிரிக்கும்.

அவள் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா எசென் ஜெர்மன் யுத்தத்துக்குப் போனார், திரும்பவில்லை. சமாதியும் இல்லை, படமும் இல்லை. நாற்சந்தியில் நின்ற சிமென்ட் சிப்பாயின் பீடத்தில் நாற்பது பெயரோடு அவர் பெயரும் இருந்தது. அந்தச் சிப்பாயின் முகத்தையே அப்பா முகமென்று வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டி பொரித்துக் கொண்டுபோய் அங்கே துவா ஓதுவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆட்டு வியாபாரத்தில் கொழுத்த அவள் கொழுந்தன் மாமிர், யாரிடமும் அனுமதி கேட்காமல், பட்டப்பகலில் கிரேன் வைத்துச் சிப்பாயைப் பெயர்த்தான். அங்கே அவள் புருஷன் குலத்து முப்பாட்டன் போதோய் வீரர் சிலையாகக் குதிரைமேல் ஏறினார். சிப்பாய் பழைய மாவு ஆலைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பீடம் தூள்தூள்.

ஊர் இரண்டுபட்டது. "சிப்பாய் செத்தது மாஸ்கோவுக்காக. போதோய் நம்ம மண்ணுக்காக வெட்டுப்பட்டவரு" என்றான் மாமிர். "வெட்டுப்பட்டாரோ, குதிரை திருடினாரோ, யாரு கண்டா?" என்றார் ஒரு கிழவர்.

சிலையை எடுக்கச் சொல்லிப் புருல்சா மாவட்ட ஆபீசுக்கு மனுப் போட்டாள். அதிகாரி வந்தார். மாமிர் ஆடு வெட்டி, பெரிய விருந்தாளிக்கு வைக்கிற மரியாதையாகத் தலையை அவர் முன்னால் வைத்தான். மனுஷர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் மனுவைப் பிரித்தார்.

"யாரோட சிலைன்னே இதுல இல்லையேம்மா. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"குதிரைமேல உட்கார்ந்திருக்காரே ஐயா, அவருதான்."

"குதிரைமேல நானும்தான் உட்காருவேன். பேரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமிர் தொடையைத் தட்டினான். "சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க!"

ஒரே ஒரு பெயர். அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். ஒரு பாவியும் எடுத்துக் கொடுக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது. நாற்பது வருஷப் பழக்கம் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. மகன் உலார்பெக்கைப் பார்த்தாள்.

"நீயாவது சொல்லுடா."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். "ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பேரைச் சொல்லுன்னா நான் அவரைச் சொல்லித்தானேம்மா முடிக்கிறேன். உங்க அப்பா அந்த வரிசையிலயே வரமாட்டாரும்மா."

அதிகாரி மனுவை மடித்தார். "பேரில்லாத ஆள்மேல நடவடிக்கை எடுக்க முடியாதும்மா."

மறுவாரம் திறப்பு விழா. குலத்தின் மூத்த மருமகள்தான் முதலில் மூன்று முறை குனிந்து வணங்க வேண்டும். வெள்ளை முக்காடு போட்டுக் குதிரைக் குளம்புக்கு முன்னால் புருல்சாவை நிறுத்தினார்கள். திரும்பினால் ஆலைச் சுவர் தெரியும், அவள் திரும்பவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"அம்மா" என்றான் உலார்பெக், போட்டோக்காரன் பக்கத்திலிருந்து. "இன்னும் கொஞ்சம் குனிங்க. குதிரையை மறைக்கிறீங்க."