காருக்குக் குளிர் தாங்காதாம்!

பெரம்பலூர் மார்கழிக்கு ஸ்போர்ட்ஸ் கார் நடுங்கும் என்று நம்பும் ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். அதற்கே இவர் படம் போட்டு நண்பர்கள் ஃபிளெக்ஸ் கட்டினார்கள்!

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில், இன்ஜின் ஆயில் சீக்கிரம் சூடாக, காரின் முன்னால் காற்று பட்டு ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலரை அட்டை வைத்து மறைப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறார். திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கிளம்பிய காலையில், அந்த ஃபிளெக்ஸை வெட்டி அதே மாதிரி மறைத்துக் கட்டினார்.

அரியலூர் தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஆயில் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"என்னங்க, முள்ளு ஏறுது பாருங்க."

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?"

தீய்ந்த வாடை வந்தது.

"நிறுத்துறீங்களா, இல்ல நான் குதிச்சுடவா?"

நிறுத்தினார். பானெட் இடுக்கில் புகை. நான்தான் குனிந்து ஃபிளெக்ஸைப் பிய்த்து எடுத்தேன். அதில் அவர் முகம் சூட்டில் சுருங்கிப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும் என்றார், வந்து பார்த்த மெக்கானிக்.

"நல்லவேளை, நான் நிறுத்துனேன்" என்றார் இவர்.

இப்போதெல்லாம் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்த பிறகுதான் ஏறுகிறேன். காலையில் கொஞ்ச தூரம் விரட்டாமல் ஓட்டினாலே ஆயில் தானாகச் சூடாகிவிடுகிறது. மிச்சமிருந்த ஃபிளெக்ஸைக் கோழிக்கூண்டுக்குப் போர்த்திவிட்டேன். கோழிக்கு நிஜமாகவே குளிரும்.